தப்பான கணக்கு தந்த புகழ்

விடை தப்பிய கணக்கு புகழ் தருமா? தந்தது!

கணக்குப் போட்டவர், இங்கிலாந்து விஞ்ஞானி லூயிஸ் பிரை ரிச்சர்ட்சன் (1881–1953).

முதல் உலகப் போரில், பிரான்சு நாட்டில் அவர் ஆம்புலன்ஸ் ஓட்டினார். ஓய்வு கிடைத்தபோது வைக்கோல் குவியலில் உட்கார்ந்து, 6 மணி நேரத்தில் வானிலை எப்படி மாறும் என்று கணக்கிட்டார். அதற்குச் சுமார் 6 வாரம் பிடித்தது!

1917-ல் அந்தக் காகிதங்கள் காணாமல் போயின. சில மாதங்கள் கழித்து, பெல்ஜியத்தில் நிலக்கரிக் குவியலுக்கு அடியில் கிடைத்தன!

விடையோ தவறு. ரிச்சர்ட்சன் அதை மறைக்கவில்லை. 1922-ல் அப்படியே புத்தகமாக வெளியிட்டார்.

1950-ல் அமெரிக்காவில், அவர் காட்டிய வழியில் கம்ப்யூட்டர் கணக்கிட்டது, பலித்தது! அந்தச் செய்தியைக் கேட்ட பிறகே அவர் கண் மூடினார்.

பின்னர் அதே வழி கடலுக்கும் வந்தது. கடல் நீரோட்டம் நாளை எப்படி ஓடும் என்பதை இன்று கம்ப்யூட்டர் முன்கூட்டியே கணித்துச் சொல்கிறது.