பிடி அரிசியும் பெருஞ்சோறும்

பசியைப் பிணி என்று பெயரிட்டு அழைத்தது தமிழ். பிணி என்றால் அதற்கு மருந்து உண்டு; மருந்து உண்டென்றால் அதைத் தருவோர்க்கு ஒரு கடமை உண்டு. தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் உணவின் சிறப்பை எடுத்துரைத்தார். சாத்தனார் மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்தார். சேர வேந்தன் உதியனுக்குப் பெருஞ்சோறு என்பதே அடைமொழியாயிற்று. கல்வியின் பெருமையை உரைக்க ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியனின் புறப்பாட்டொன்றே போதும்.

ஆயினும் இவ்விரண்டும் நம் மரபில் பெரும்பாலும் தனித்தனி ஆறுகளாகவே ஓடின. சோறு சத்திரத்தில் கிடைத்தது. கல்வி திண்ணையில் கிடைத்தது. இரண்டும் ஓரிடத்தில் கூடிய காட்சியும் உண்டு. முதலாம் இராசேந்திரன் காலத்து எண்ணாயிரம் கல்வெட்டு, 340 மாணவர்க்கும் 14 ஆசிரியர்க்கும் நெல் அளந்த செய்தியைக் கூறுகிறது. ஆனால் அது வேதமும் இலக்கணமும் பயின்ற சிலர்க்கு அமைந்த அறம். ஆடு மேய்க்கும் சிறுவனுக்கு அந்த நெல் அளக்கப்படவில்லை.

பள்ளி என்பது கற்பிக்கும் இடமா, காக்கும் இடமா? பொதுப்பணத்தில் நடக்கும் பள்ளி எழுத்தை மட்டும் தந்தால் போதுமா, உணவும் உடையும் தருதல் வேண்டுமா? இன்றும் அறிஞர் அவைகளில் எழும் இவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாக்கியவர் பெருந்தலைவர் காமராசர். அவருடைய அரசியல் வெற்றி தோல்விகளைப் பலரும் எழுதியுள்ளனர். பள்ளி என்னும் ஒரே பொருளை மையமாகக் கொண்டு அவர் வாழ்வை நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து.

பிடி அரிசி வளர்த்த பள்ளி

காமராசர் 1903ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 15ஆம் நாள், அந்நாளில் விருதுபட்டி என வழங்கிய விருதுநகரில் குமாரசாமிக்கும் சிவகாமி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். திண்ணைப் பள்ளியில் எழுத்தறிந்து, பின்னர் சத்திரிய வித்தியாசாலையில் பயின்றார்.

அந்தப் பள்ளியின் வரலாறு நம் பொருளோடு நெருங்கிய தொடர்புடையது. விருதுநகர் வணிகர்கள் தம் வணிகத்தில் ஒரு பங்கை மகமையாக ஒதுக்கிப் பொதுப்பணிகள் புரிந்தவர்கள். வீடுதோறும் உலையில் இடும் அரிசியில் ஒரு பிடியை நாள்தோறும் எடுத்துவைத்துப் பள்ளிக்கு அளிக்கும் வழக்கமும் அவ்வூரில் இருந்தது. அந்தப் பிடி அரிசியால் வளர்ந்த பள்ளியில் பிள்ளைகள் கட்டணம் இன்றிக் கற்றனர். தம் சோற்றில் ஒரு பங்கைக் குறைத்து ஊரார் கல்வியை வளர்த்தனர் என்பதே இதன் பொருள். சோறு பள்ளிக்குச் சென்ற அந்த வழியை, அரை நூற்றாண்டுக்குப் பின் இந்தப் பள்ளியின் மாணவர் ஒருவரே எதிர்த்திசையில் திருப்பிவிட்டார்.

அவர் பள்ளிநாள் குறித்து வழங்கும் ஒரு செய்தி உண்டு. பிள்ளையார் சதுர்த்தி நாளில் எல்லா மாணவரிடமும் ஒரே அளவு காசு பெற்றுப் பூசை நடந்தது. பூசை முடிந்து படையலைப் பங்கிட்டபோது முண்டியடித்த பிள்ளைகளுக்கு மிகுதியும், ஒதுங்கி நின்ற காமராசருக்குச் சிறிதளவும் கிடைத்தன. சமமாகப் பெற்றதைச் சமமாகப் பகிராதது முறையன்று என்ற எண்ணம் அச்சிறுவன் உள்ளத்தில் தைத்தது என்பர். இத்தகைய கதைகள் பெரியோர் வாழ்வைச் சுற்றிப் படர்வது இயல்பே. எனினும் பிற்காலத்தில் அவர் செய்த பணிகளோடு ஒத்து நிற்பதால் இக்கதை மக்கள் நாவில் நிலைத்தது.

ஆறு வயதளவில் தந்தையை இழந்தார். தாயின் அணிகலன்களை விற்று வந்த பணத்தின் வட்டியில் குடும்பம் நடந்தது. கட்டணம் கேட்காத பள்ளி ஊரிலேயே இருந்தும் அவரால் ஆறாம் வகுப்பைத் தாண்ட இயலவில்லை. தாய்மாமனின் துணிக்கடை அவரை அழைத்துக்கொண்டது. கட்டணம் இல்லை என்பதனால் மட்டும் கல்வி இலவசம் ஆகிவிடாது. படிக்கும் பிள்ளை உழைக்காத பிள்ளை. ஏழை வீட்டில் உழைக்காத ஒவ்வொரு நாளும் ஒரு செலவு. பின்னாளில் கல்வித்துறைக் கோப்புகளில் அலுவலர்கள் எழுதி எழுதி விளக்க வேண்டியிருந்த இவ்வுண்மையை அவர் பன்னிரண்டு வயதிலேயே அறிந்திருந்தார்.

சிறையில் பெற்ற கல்வி

விடுதலைப் போராட்டம் அவரை ஈர்த்த வரலாற்றை விரிக்கத் தேவையில்லை. 1930இல் வேதாரணிய உப்பு அறப்போரையொட்டிச் சிறைப்பட்டு அலிப்பூரில் இருந்தார். தீரர் சத்தியமூர்த்தியை அரசியல் ஆசானாகக் கொண்டார். 1937இல் சட்டமன்ற உறுப்பினர் ஆனார். 1940இல் தமிழ்நாடு காங்கிரசின் தலைவர் ஆனார். வேலூரிலும் அமராவதியிலும் சிறை தொடர்ந்தது. வாழ்நாளில் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் சிறையில் கழிந்தன. பள்ளி தர இயலாமற்போன படிப்பைச் சிறை தந்தது. ஆங்கில நூல்களையும் நாளிதழ்களையும் படிக்கும் பயிற்சியை அங்கேதான் அவர் பெற்றார். உணவுக்குக் கவலையில்லாத இடத்தில் அவர் படித்து முடித்தார் என்பது கசப்பான முரண்.

மூடுவதா, திறப்பதா?

1954 ஏப்பிரல் 13ஆம் நாள் அவர் சென்னை மாநில முதலமைச்சர் ஆனார். அவர்முன் வந்த முதற்பெரும் சிக்கலே பள்ளி பற்றியதுதான். 1953இல் இராசாசி அரசு கொண்டுவந்த திருத்தியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டம், சிற்றூர்ப் பள்ளிகளில் பாட நேரத்தைக் குறைத்து, எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோர் தொழிலைக் கற்க வகைசெய்தது. இருக்கும் கட்டடத்தையும் ஆசிரியரையும் கொண்டு இரு மடங்கு பிள்ளைகளுக்குக் கற்பிக்கலாம் என்பது அதன் கணக்கு. குலக்கல்வி எனப் பெயர் பெற்று நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பிய அத்திட்டம் 1954 மே மாதம் கைவிடப்பட்டது.

இங்கு இரு நோக்குகள் எதிரெதிர் நின்றதைக் கருதவேண்டும். வறுமை மாறாத ஒன்று. ஆகவே பள்ளி அதற்கேற்ப வளைந்து கொடுக்க வேண்டும் என்பது ஒரு நோக்கு. பள்ளியின் வலிமையால் வறுமையை வளைக்கலாம் என்பது மற்றொன்று. இரண்டிலும் நல்லெண்ணம் உண்டு. ஆனால் ஒன்று பிள்ளையை அவன் பிறந்த இடத்திலேயே விட்டது. மற்றது அவனைப் புறப்படச் செய்தது.

பொதுக்கல்வி இயக்குநராக நெ. து. சுந்தரவடிவேலு பொறுப்பேற்றது அந்த ஆண்டில்தான். சிற்றூர்தோறும் தொடக்கப் பள்ளி என்னும் நோக்கில் பள்ளிகள் பெருகின. வேலையற்ற படித்த இளைஞர்கள் ஆசிரியர் ஆயினர். உதவி பெறும் பள்ளி ஆசிரியர்க்கு ஓய்வூதியமும் சேமநிதியும் காப்பீடும் ஒருங்கே கிடைக்க வழி பிறந்தது. பள்ளியைக் கொண்டு சமூகத்தைக் காக்க எண்ணிய அரசு, பள்ளியில் பணிபுரிபவரின் முதுமைக்கும் காப்பளித்தது நினைக்கத்தக்கது.

சோறு கல்விச் செலவா?

பள்ளிகள் திறந்தன, பிள்ளைகள் வரவில்லை. வந்தவர்களும் நண்பகலுக்குப்பின் நிலைக்கவில்லை. மாடு மேய்த்த சிறுவன் ஒருவனை முதலமைச்சர் வழியில் கண்டு பள்ளிக்குப் போகாத காரணத்தை வினவ, பள்ளிக்குப் போனால் சோறு யார் தருவார் என்று அவன் திருப்பிக் கேட்டதாக ஒரு கதை வழங்குகிறது. ஊர்ப்பெயர் இடத்துக்கிடம் மாறும். அச்சிறுவனின் வினா மாறுவதில்லை. அது ஒருவன் வினாவன்று என்பதே அதற்குக் காரணம்.

பள்ளியில் உணவு என்பது அன்று முற்றிலும் புதியதும் அன்று. 1920இல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளியில் நண்பகல் உணவு வழங்கத் தீர்மானித்தது. பிள்ளை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. ஆனால் தொடக்கக் கல்வி நிதியை உணவுக்குச் செலவிட அன்றைய அரசு இசையவில்லை. 1925இல் அத்திட்டம் தடைப்பட்டது. கரும்பலகை வாங்கினால் கல்விச் செலவு. அதைப் பார்க்கும் கண் பசியால் இருண்டால் அது கல்வியைச் சாராத செலவு! நம் முழு வினாவும் அந்த ஒரு கணக்குப் பதிவில் அடங்கியிருந்தது.

காமராசர் அந்தப் பதிவைத் திருத்தினார். முதலில் அரசுப் பணத்தை எதிர்பாராமல் ஊர் மக்களின் கொடையால் சில ஊர்களில் உணவு தொடங்கப்பெற்றது. பிடி அரிசி வளர்த்த பள்ளியில் படித்தவர்க்கு, ஊரார் மனத்தில் எங்கே ஈரம் இருக்கும் என்பது தெரிந்திருந்தது. பசியையும் கல்லாமையையும் ஒருசேரச் சாடிய பாரதி பிறந்த எட்டயபுரத்தில் 1956இல் இத்திட்டம் தொடங்கிய செய்தி கவிஞர்களாகிய உங்களுக்கு இனிப்பது. அடுத்து அரசு பெரும்பங்கை ஏற்றது. எஞ்சியதை ஊர் ஏற்றது. 1961 முதல் 'கேர்' நிறுவனத்தின் உணவுப்பொருள் உதவியும் சேர்ந்தது. 1958 முதல் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊரார் பள்ளிக்கு நாற்காலியும் மேசையும் கட்டடமும் வழங்கினர். 1960ஐ ஒட்டிச் சீருடையும், ஏழைப் பிள்ளைகளுக்கு உயர்நிலைப் பள்ளி முடியக் கட்டணமில்லாக் கல்வியும் வந்தன.

எதிர்வாதத்தின் வலிமை

இதை எதிர்த்தோர் எல்லாரும் கல் நெஞ்சர் அல்லர். கற்பித்தலே ஆசிரியர் கடன். அவர் கையில் அகப்பையைக் கொடுத்தால் பாடம் தேய்ந்துவிடும் என்றனர் சிலர். பிள்ளையின் பசி பெற்றோரின் வறுமை. அதற்குக் கூலியை உயர்த்துவதே மருந்தன்றிப் பள்ளியில் சோறிடுவதன்று என்றனர் வேறு சிலர். தட்டேந்தி நிற்கும் பிள்ளையின் தன்மானம் என்னாவது என்னும் வினா இவற்றினும் கூரியது.

கூலி உயரட்டும் எனக் காத்திருக்கலாம். ஏழு வயது காத்திருக்காது என்பதே இரண்டாம் வாதத்துக்கு மறுமொழி. தன்மானம் பற்றிய வினாவை அவ்வளவு எளிதில் கடக்க முடியாது. ஏழைப் பிள்ளைக்கு மட்டும் இலை போட்டபோது, வகுப்பு உண்போர் என்றும் உண்ணாதோர் என்றும் பிரிந்தது. எல்லார் மேனியிலும் ஒரே நிறத் துணியை அணிவித்த சீருடை அப்பிளவை ஓரளவு மறைத்தது, முற்றிலும் மாற்றவில்லை. கொடையை நம்பிய ஊர்களில் விளைச்சல் பொய்த்தால் அடுப்பும் அணைந்தது. எந்த ஏழைக்குச் சோறு என்று பள்ளி தேர்ந்தெடுக்க வேண்டியிருந்த வரையில் அது சத்திரமாகவே இருந்தது. எல்லார்க்கும் உரிமை என்று ஆகும்போதுதான் அது கல்வியின் உறுப்பாகும்.

அந்தத் திசையில் நாடு மெல்ல நடந்தது. 1982 சூலை 1ஆம் நாள் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. 1984இல் அது 15 வயது வரை விரிந்தது. 1989இல் கலைஞர் ஆட்சியில் முட்டை சேர்ந்தது. 2001 நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம், அரசு தொடக்கப் பள்ளிகளிலும் உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் சமைத்த உணவு வழங்க நாடு முழுமைக்கும் ஆணையிட்டது. 2022 செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டில் காலை உணவும் தொடங்கிற்று. ஆட்சிகள் மாறின, கொடிகள் மாறின. அடுப்பை அணைக்கும் துணிவு எவர்க்கும் வரவில்லை.

ஆற்றுப்படுத்தும் கடன்

1963 அக்டோபர் 2ஆம் நாள் அவர் தாமே முதலமைச்சர் பதவியைத் துறந்தார். 1967இல் தம் பிறந்த ஊராகிய விருதுநகரிலேயே, மாணவர் தலைவராயிருந்த இளைஞர் ஒருவரிடம் தோற்றார். படித்த தலைமுறை ஒன்று தன் கருத்தை அஞ்சாமல் சொல்லும் நிலை பெற்றிருந்தது. அந்நிலைக்குக் கால்கோள் செய்தவர்களில் அவரே முதல்வர். 1975 அக்டோபர் 2ஆம் நாள் வாடகை வீட்டில் மறைந்தார். அடுத்த ஆண்டு பாரத ரத்னா அவர் பெயரை அடைந்தது.

வகுப்பில் மணிமேகலை கற்பிக்கும் ஒவ்வோர் ஆண்டும் நான் காணும் ஒன்று உண்டு. அமுதசுரபி என்ற சொல் வந்ததும், அதை அற்புதக் கற்பனையாகக் கேட்போர் சிலர். மதிய மணியோசையை நினைவுகூர்ந்து கேட்போர் பலர். காப்பியத்தின் கலத்தில் அன்னம் தானே சுரந்தது. நம் காலத்துக் கலத்திலோ வரிப்பணமும், விறகடுப்பின் புகையில் நின்ற பெண்களின் உழைப்பும் சுரந்தன. அப்பெண்களையும் பாட வேண்டும்.

நம் இலக்கிய வட்டம் பத்தாண்டு நிறைவுறும் இவ்வேளையில் கவிஞர்க்கு ஒன்று கூறுவேன். பரிசில் பெற்று மீளும் பாணன், பசித்து வரும் மற்றொரு பாணனைக் கண்டு வழி சொல்வதே ஆற்றுப்படை. அது வள்ளலின் புகழோடு, பெற்றவனின் பொறுப்பையும் பாடுவது. பொதுப்பள்ளியின் சோற்றை உண்டு எழுத்தறிந்து மேலே வந்தவர்கள் நம்முள் பலர். தம் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு அனுப்பிவிட்டு, அந்தப் பள்ளி இன்னும் சோறிட வேண்டுமா என்று வினவும் இடத்தில் அவர்கள் நிற்கலாகாது. எதிரே வரும் பிள்ளைக்கு வழிகாட்டும் இடமே அவர்க்கு உரியது.