காடு போற்றிய பிராண்டிஸ்

புதுக்கோட்டை மாவட்டத்து ஆலங்குடிப் பகுதியில், அய்யனார் கோயில்களைச் சூழ்ந்து கோயிற்காடுகள் விளங்குகின்றன. அவற்றில் பாலையும் வீரையும் செறிந்து வளரும். அம்மரங்களை வெட்டலாகாது என்பது ஊரார் தமக்குத் தாமே வகுத்துக்கொண்ட நெறி. காட்டைக் காக்க ஊராரால் இயலும் என்னும் இவ்வுண்மையை, ஆங்கில அரசுக்கு எடுத்துரைத்த அறிஞர் டீட்ரிக் பிராண்டிஸ் ஆவார்.

இவர் 1824ஆம் ஆண்டில் செருமனி நாட்டுப் பான் நகரில் பிறந்தார். தாவர நூலில் தேர்ந்து ஆசிரியரானார். 1856இல் பர்மாவிலுள்ள பெகுவின் தேக்குக் காடுகளைக் கண்காணிக்கும் பொறுப்பை ஏற்றார். வணிகர் அக்காடுகளை வரைமுறையின்றி வெட்டிவந்த காலம் அது. பிராண்டிஸ் யானைமீதேறிக் காடெங்கும் சென்றார். கையில் சிறு கோல்களை ஏந்தி, கண்ட தேக்கு ஒவ்வொன்றையும் அதன் பருமனுக்கேற்ற கோலில் கத்தியால் வெட்டுக்குறியிட்டுக் கணக்கெடுத்தார். மலையில் பயிரிட்டு வாழ்ந்த கரேன் மக்களை அவர் துரத்தவில்லை. பயிரினூடே தேக்கையும் விதைக்கச் செய்து, அவர்களைத் துணைவராக்கிக்கொண்டார்.

1864இல் இவர் இந்தியக் காடுகளின் முதல் தலைமைக் கண்காணிப்பாளரானார். காடு முழுவதும் அரசின் உடைமையே என அதிகாரிகள் சிலர் வாதிட்டனர். பிராண்டிஸ் அதற்கு உடன்படவில்லை. விறகும் தழையும் மேய்ச்சலும் தரும் ஊர்க்காடுகள் மக்கள் பொறுப்பில் இருத்தல் வேண்டும் என்றார். 1878ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஊர்க்காட்டிற்கு இடம் கிடைத்தது. எனினும் அது பெரிதும் ஏட்டளவிலேயே நின்றது. 1881இல் சென்னை மாகாணத்திற்கு வந்தும் தம் கருத்தை வற்புறுத்தினார், அரசு செவிசாய்க்கவில்லை. பிற்காலத்தில் ஏலகிரி மலையின் சுவாமி சோலை முதலிய கோயிற்காடுகளைக் குறித்தும் எழுதினார். 1907இல் பான் நகரில் மறைந்தார்.

அவர் விதைத்த கருத்து மறையவில்லை. 1931இல் குமாவுன் மலைநாட்டில் ஊர்மன்றங்கள் காடுகளை ஆளும் விதிகள் பிறந்தன. வழிவழியாகக் காத்துவரும் காட்டைப் பேணும் உரிமையை 2006ஆம் ஆண்டுச் சட்டம் காடுவாழ் மக்களுக்கு வழங்கியது.

மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை ஈர்த்து, அதன் கரியைத் தன் உடலில் சேர்த்துவைக்கிறது. காடு எரிந்தால் அக்கரி மீண்டும் வாயுவாகிக் காற்றில் கலந்து, உலகின் வெப்பத்தை மிகுவிக்கிறது. ஆதலின், தம் ஊர்க்காட்டைக் காக்கும் சிற்றூரார் உலகிற்கே நன்மை செய்தவராகின்றனர். அக்காவலை அவர்களிடமிருந்து பறித்தல் தகாது என்பதே பிராண்டிஸின் வாழ்வு நமக்கு உணர்த்தும் பாடமாகும்.