கட்டுகளை அவிழ்த்த கென்னி அம்மையார்

இளம்பிள்ளை வாதம் என்றால் ஒரு காலத்தில் உலகமே நடுங்கியது.

நேற்று வரை ஓடி விளையாடிய குழந்தைக்குக் காய்ச்சல் வரும். இரண்டொரு நாளில் கழுத்து வலிக்கும், முதுகு வலிக்கும். பிறகு ஒரு கால் அசையாது. சில குழந்தைகளுக்கு இரண்டு காலும் அசையாது. தொட்டாலே அலறும்.

அந்த நாளில் வைத்தியர்கள் செய்த சிகிச்சை என்ன? குழந்தையைப் படுக்கையில் கிடத்தி, கைகால்களை மரச் சிம்புகளாலும் மாவுக் கட்டுகளாலும் அசையாமல் பிணைத்து வைப்பார்கள். வாரக் கணக்கில், மாதக் கணக்கில் இப்படியே கிடக்க வேண்டும். அசைந்தால் உறுப்பு கோணிவிடும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. கடைசியில் கட்டை அவிழ்க்கும்போது கால் குச்சிபோல் இளைத்திருக்கும். மூட்டு விறைத்துப் போயிருக்கும்.

இந்த முறை தவறு என்று எழுந்து நின்று சொன்னாள் ஒரு பெண். அவள் டாக்டர் அல்ல. முறைப்படி நர்ஸ் படிப்புப் படித்தவளும் அல்ல. ஆஸ்திரேலியாவின் காட்டுப்புறத்தில் குதிரைமேல் ஏறிச் சென்று நோயாளிகளைப் பார்த்து வந்தவள். பெயர், எலிசபெத் கென்னி.

குதிரை தந்த பாடம்

எலிசபெத் கென்னி 1880-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி, நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்தில் வாரியால்டா என்ற ஊரில் பிறந்தார். தந்தை அயர்லாந்திலிருந்து குடியேறிய விவசாயி. பெரிய பள்ளிப் படிப்பு அவருக்குக் கிடைக்கவில்லை.

இளம் வயதில் ஒரு நாள் குதிரையிலிருந்து விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டார். டூவும்பா நகரத்து டாக்டர் ஈனியஸ் மக்டானல் அதற்குச் சிகிச்சை செய்தார். கை குணமாகும் வரை அந்த டாக்டரின் உடற்கூறு நூல்களைப் புரட்டிப் பார்ப்பதே கென்னியின் பொழுதுபோக்கு. எந்தத் தசை எந்த எலும்பை இழுக்கிறது என்பதை ஒவ்வொன்றாகப் பாடம் செய்தார். வீட்டில் நோஞ்சானாக இருந்த தம்பிக்குத் தேகப்பயிற்சி கற்றுக் கொடுத்து, அவன் உடம்பைத் தேற்றினார்.

அன்று ஏற்பட்ட பழக்கம் அவர் ஆயுள் முழுவதும் தொடர்ந்தது. டாக்டர் மக்டானலும் கடைசிவரை அவருக்குத் துணையாக இருந்தார்.

கம்பளித் துண்டு

1911-ம் ஆண்டு. குவீன்ஸ்லாந்தில் நாபி என்ற சிற்றூரைச் சுற்றிய பண்ணைகளில் அவர் மருத்துவச் சேவை செய்து வந்தார். ஒரு குடிசையில் ஒரு சிறுமி வலி தாங்காமல் துடித்துக்கொண்டிருந்தாள். கைகால்கள் முறுக்கிக் கிடந்தன. என்ன நோய் என்று கென்னிக்குத் தெரியவில்லை. டாக்டர் மக்டானலுக்குத் தந்தி கொடுத்தார். இது இளம்பிள்ளை வாதம். இதற்கு மருந்து கிடையாது. கண்ணில் தெரியும் குறிகளுக்கு ஏற்றபடி செய் என்ற பொருளில் பதில் வந்தது.

கண்ணில் தெரிந்தது என்ன? தசைகள் இறுகிப் பிடித்துக்கொண்டிருந்தன. இறுக்கத்தைத் தளர்த்தினால் வலி குறையும் அல்லவா? முதலில் சூடான உப்பைப் பையில் கட்டி ஒற்றினார், பலன் இல்லை. ஆளிவிதைப் பற்றுப் போட்டார். அதற்கும் பலன் இல்லை. பிறகு கம்பளிப் போர்வையைத் துண்டு துண்டாகக் கிழித்தார். கொதிநீரில் தோய்த்து, சொட்டு நீரும் இல்லாமல் பிழிந்து, வலித்த தசைகளின்மேல் சுற்றினார். சிறுமி தூங்கிப் போனாள். விழித்ததும் அந்தக் கம்பளித் துண்டுகளையே மீண்டும் கேட்டாள்.

வலி தணிந்த பிறகு கென்னி அவள் கைகால்களை மெல்ல மெல்ல அசைத்துக் கொடுத்தார். எந்தத் தசையை அசைக்க வேண்டும் என்று அவளுக்கே காட்டிக் கொடுத்து, அவளையே முயலச் சொன்னார். சிறுமி எழுந்து நடந்தாள். தம் சுயசரிதையில் கென்னி சொல்லியிருக்கும் வரலாறு இது.

யுத்தமும் தூக்குப் படுக்கையும்

முதல் உலக யுத்தம் வந்தது. 1915-ல் ஆஸ்திரேலிய ராணுவ நர்ஸ் படையில் சேர்ந்து, காயமடைந்த சிப்பாய்களைத் தாயகம் கொண்டுவரும் கப்பல்களில் பணி புரிந்தார். எதிரிக்குத் தெரியாதபடி விளக்கை அணைத்துவிட்டுச் செல்லும் கப்பல்கள் அவை. ராணுவ நர்ஸ்களின் பதவிப் பெயரான 'சிஸ்டர்' என்பது 1917-ல் அவருக்குக் கிடைத்தது. உலகம் அவரைச் சிஸ்டர் கென்னி என்று அழைத்தது இதனால்தான். அவர் கன்னிமாடத்துச் சகோதரி அல்ல.

யுத்தம் முடிந்து ஊர் திரும்பினார். பக்கத்துப் பண்ணைச் சிறுமி ஒருத்தி கலப்பையில் சிக்கிப் படுகாயமடைந்தாள். அலமாரிக் கதவு ஒன்றையே படுக்கையாக்கி, சிறுமியை அதில் அசையாமல் கட்டி டாக்டரிடம் கொண்டு சேர்த்தார் கென்னி. இந்த அனுபவத்தைக் கொண்டு ஒரு தூக்குப் படுக்கை செய்து, 1927-ல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். எங்கே அசைக்கக் கூடாதோ அங்கே அசைக்காமல் வைக்கவும் அவருக்குத் தெரியும்!

சீறி எழுந்த எதிர்ப்பு

1930-களின் தொடக்கத்தில் டவுன்ஸ்வில் நகரில், ஒரு ஓட்டலின் பின்கட்டில், வாதம் கண்ட பிள்ளைகளுக்குச் சிகிச்சை தொடங்கினார். கட்டுகள் அவிழ்ந்தன. தாய்மார்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். சர்க்காரும் ஆதரவு கொடுத்தது.

டாக்டர்கள் கொதித்தார்கள். படிக்காத நர்ஸ் ஒருத்தி தங்களுக்குப் பாடம் சொல்வதா என்று சிலர் கேட்டார்கள். பிள்ளைகளின் உறுப்பு கோணிப்போகுமே என்று சிலர் உண்மையாகவே அஞ்சினார்கள். குவீன்ஸ்லாந்து சர்க்கார் அமைத்த டாக்டர்களின் விசாரணைக் கமிஷன் 1938-ல் தன் அறிக்கையை வெளியிட்டது. கட்டுகளைக் கைவிடுவது பெரும் பிழை என்று அது தீர்ப்புக் கூறியது.

வேறொருவர் என்றால் ஒடுங்கியிருப்பார். கென்னிக்கு அப்போது வயது 57. அவர் ஒடுங்கவில்லை.

கடல் கடந்த வெற்றி

1940-ல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். நியூயார்க்கில் வரவேற்பு இல்லை. சிகாகோவிலும் இல்லை. திரும்பிவிடலாமா என்ற நிலையில் மின்னசோட்டா மாகாணத்துக்குச் சென்றார். அங்கே மினியாபொலிஸ் நகரில் கோல், நாப், போல் என்ற மூன்று டாக்டர்கள் அவர் வேலையைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவு சொல்ல இசைந்தார்கள். பார்த்தார்கள். வலி குறைந்ததைப் பார்த்தார்கள். விறைத்த மூட்டுகள் வளைந்ததைப் பார்த்தார்கள். அமெரிக்க மருத்துவ சங்கத்தின் பத்திரிகையில் 1941-ல் கோலும் நாப்பும் அது பற்றி எழுதினார்கள்.

1942-ம் ஆண்டு டிசம்பரில் மினியாபொலிசில் அவர் பெயரால் ஒரு சிகிச்சை நிலையம் திறக்கப்பட்டது. ஆஸ்திரேலியப் பாடகி மார்ஜோரி லாரன்ஸ் வாதத்தால் கால்கள் செயலிழந்து அவரிடம் வந்தார். பிறகு அமர்ந்தபடியே மேடையில் பாடிப் புகழ் பெற்றார். கென்னியின் வாழ்க்கை 1946-ல் ஹாலிவுட்டில் சினிமாப் படமாக வந்தது. 1951-ல் அமெரிக்கர்கள் மிகவும் மதிக்கும் பெண்மணி யார் என்ற கேலப் கருத்துக் கணிப்பில் முதலிடம் கென்னிக்கே!

பிழையும் உண்டு

அவரிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. கோபக்காரர். மறுத்துப் பேசியவரை மன்னிக்க மாட்டார். தம் சிகிச்சையின் பலனைப் பெரிதாக்கிச் சொன்னார் என்ற புகாரும் உண்டு.

நோயின் காரணத்தைப் பற்றிய அவர் கருத்தும் பிசகு. வாதக் கிருமி தசையைத் தாக்குகிறது என்று அவர் நம்பினார். உண்மையில் அது தண்டுவடத்தில் உள்ள நரம்பு அணுக்களைத் தாக்குகிறது. தசைக்குக் கட்டளை அனுப்புவன அந்த அணுக்களே. அவற்றில் சில மடிகின்றன. சில காயப்பட்டுப் பிழைக்கின்றன. மடிந்த அணுவை வெந்நீர்க் கம்பளி எழுப்பாது. அவரிடம் சென்ற பிள்ளைகள் எல்லோரும் நடந்துவிடவும் இல்லை.

ஆனால் பிழைத்த நரம்புக்கு ஏவலாளாகத் தசை உயிரோடு இருக்க வேண்டாமா? மூட்டு மடங்க வேண்டாமா? கட்டிப் போட்ட தசை மெலியும், சுருங்கும். நரம்பு தேறி வரும்போது கட்டளையை ஏற்க ஆள் இராது. காரணத்தில் பிசகிய கென்னி, காரியத்தில் வென்றது இங்கேதான். முதலில் வலியைத் தணி. பிறகு நோகாமல் அசைத்துக் கொடு. பிறகு நோயாளியையே அசைக்கச் செய் என்ற வரிசையை அவர் தம் கைகளால் நிலைநாட்டினார்.

இயன்முறை மருத்துவம் என்று நாம் சொல்லும் பிசியோதெரபி கென்னிக்கு முன்பே உண்டு. 1894-லேயே இங்கிலாந்தில் நான்கு நர்ஸ்கள் கூடி அதற்கு ஒரு சங்கம் கண்டார்கள். ஆனால் வாதம் கண்ட பிள்ளைகளின் வார்டுகளில் கட்டுகளை அவிழ்த்து, அசைவையே மருந்தாக்கிய பெருமை கென்னியைச் சேரும்.

கடைசி நாட்கள்

பிறர் கைகால்களை அசைத்துக் கொடுத்தவரைக் கடைசியில் நடுக்குவாதம் பிடித்தது. டூவும்பாவுக்குத் திரும்பினார். 1952-ம் ஆண்டு நவம்பர் 30-ந் தேதி உயிர் நீத்தார். குதிரையேறிச் சுற்றிய அதே நாபியில் அவர் உடல் அடக்கம் செய்யப்பட்டது.

மூன்று ஆண்டுகளுக்குள், 1955-ல், சால்க் தடுப்பூசி வந்தது. நம் இந்தியாவில் கடைசிக் காட்டுக் கிருமி வாதம் கண்டது 2011-ம் ஆண்டு ஜனவரியில், மேற்கு வங்காளத்தில். 2014-ல் நம் நாடு அந்த நோயிலிருந்து விடுபட்டதாக அறிவிக்கப்பட்டது.

நோய் போனாலும் பாடம் போகவில்லை. பக்கவாதத்தில் சாய்ந்தவருக்கும், எலும்பு முறிந்து தேறியவருக்கும், முழங்கால் வலியில் முடங்கிய முதியவருக்கும் இன்று அதே பாடம்தான். வலிக்கிறதே என்று அறவே அசையாமல் கிடந்தால் தசை தளரும். தளர்ந்தால் வலி கூடும். முறை தெரிந்தவர் துணையோடு, தாங்கும் அளவுக்குச் சிறிது சிறிதாக அசைத்தால் வழி பிறக்கும். எவ்வளவு அசைக்கலாம், எப்போது அசைக்கக் கூடாது என்பதைக் கற்றவரிடம் கேட்டுச் செய்ய வேண்டும்.

வைத்தியர் கை பாதிதான் செய்யும். மீதிப் பாதியை நோயாளியின் முயற்சி செய்ய வேண்டும். கம்பளித் துண்டைப் பிழிந்த அந்தக் கைகள் ஒவ்வொரு பிள்ளைக்கும் சொல்லிக் கொடுத்தது இதைத்தான்.