அயலாரை அறிந்த அல்பிரூனி

காலனியில் புதிதாகக் குடியேறும் நம்மவர் குடும்பங்களுக்கு முதற் சில மாதங்கள் எவ்வாறு கழிகின்றன என்பதை நாம் அனைவரும் அறிவோம். அடுத்த வீட்டில் கடுகெண்ணெய் காய்ந்தால் நாம் சன்னலைச் சாத்துகிறோம். நாம் வாசலில் கோலமிட்டால் அவர்கள் நின்று பார்க்கிறார்கள். அவர்கள் உண்பதும் உடுப்பதும் நமக்கு விந்தை. நம்முடையவை அவர்களுக்கு விந்தை. நாளடைவில் இவ்வியப்பு சிலரிடம் நட்பாக மலர்கிறது. சிலரிடம் இகழ்ச்சியாக இறுகிப் போகிறது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன், நம்மினும் பன்மடங்கு கடினமான நிலையில், முற்றிலும் அயலான மக்களை அறியப் புகுந்த ஓர் அறிஞரின் வரலாற்றை இம்மலரில் கூற விழைகிறோம். அவரே அல்பிரூனி.

மத்திய ஆசியாவில் ஆரல் கடலுக்குத் தெற்கே இருந்த குவாரிசம் என்னும் நாட்டில் 973-ஆம் ஆண்டு அவர் பிறந்தார். அவ்வூர் இன்று உஸ்பெகிஸ்தானைச் சேர்ந்தது. கணிதத்திலும் வானநூலிலும் இளமையிலேயே தேர்ச்சி பெற்றார். 1017-இல் கஜினி முகமது குவாரிசத்தைக் கைப்பற்றியபோது, அந்நாட்டு அறிஞர் பலரையும் தன் தலைநகருக்குக் கொண்டு சென்றான். அல்பிரூனியும் அவர்களுள் ஒருவர். விருப்பம் கேட்டு அழைத்துச் செல்லப்பட்டவர் அல்லர்.

அவருடைய நிலையைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். தன் நாட்டை வென்ற மன்னனின் நிழலிலே வாழ வேண்டும். அம்மன்னனோ ஆண்டுதோறும் இந்தியாவின் மீது படையெடுத்துச் செல்வத்தை வாரிச் செல்பவன். 1026-இல் சோமநாதபுரத்துக் கோயிலை இடித்தவன். அரசவையில் எவரேனும் இந்நாட்டு மக்களை இழித்துப் பேசினால் பரிசு கிடைத்திருக்குமேயன்றித் தண்டனை கிடைத்திராது. அத்தகைய இடத்தில் இருந்துகொண்டுதான் அவர் நாற்பத்து நான்கு வயதுக்கு மேல் வடமொழி கற்கத் தொடங்கினார்.

கற்பது எளிதாக இருக்கவில்லை. ஒரு பொருளுக்குப் பல சொற்கள், ஒரு சொல்லுக்குப் பல பொருள்கள். நாவிற்கு வசப்படாத ஒலிகள். போதாக்குறைக்குப் பிழை மலிந்த ஏடுகள். பஞ்சாபில் பண்டிதர்களைத் தேடிச் சென்று மாணவராய் அமர்ந்தார். அயலான் என்பதால் முதலில் அவர்கள் அவரைப் பொருட்படுத்தவில்லை. வானநூற் கணக்குகளின் காரண காரியங்களை அவர் விளக்கத் தொடங்கியபின்னரோ, வியந்து சூழ்ந்துகொண்டு, எந்த இந்து ஆசிரியரிடம் இவற்றைக் கற்றார் என்று கேட்டனராம்! இந்நிகழ்ச்சியை அவரே சிறிது பெருமிதத்துடன் எழுதி வைத்திருக்கிறார். பெரியோர்க்கும் இத்தகைய சிறு மகிழ்ச்சிகள் உண்டு போலும்.

இந்தியாவைப் பற்றிய அவரது பெருநூல் 1030-ஐ ஒட்டி எழுதி முடிக்கப்பட்டது. எண்பது அத்தியாயங்கள் கொண்டது. அதற்குமுன் அரபு மொழியில் இந்துக்களைப் பற்றி வழங்கிய நூல்கள் பெரும்பாலும் ஒருவர் சொன்னதை மற்றொருவர் எடுத்தெழுதியவை. மாற்றுச் சமயத்தாரின் கொள்கையைத் திரித்துக் கூறும் வழக்கத்தைக் குறித்து நண்பர் ஒருவருடன் நடந்த உரையாடலே தம் நூலுக்கு வித்திட்டதென அவர் கூறுகிறார். ஆகவே தமக்கென ஒரு நெறி வகுத்துக்கொண்டார்: கண்டித்து வாதிடுவதற்காக எழுதுவதில்லை, இம்மக்கள் தம்மைப் பற்றித் தம் நூல்களில் சொல்லிக்கொள்வதை அவ்வாறே எடுத்து வைப்பது, ஒப்பு நோக்கக் கிரேக்கர் கருத்துகளையும் அருகே காட்டுவது. சாங்கியத்தையும் பதஞ்சலியின் யோக நூலையும் அவர் அரபியில் ஆக்கினார். யூக்ளிடின் வடிவ கணிதத்தைப் பண்டிதர்களுக்காக வடமொழியில் ஆக்கவும் முயன்றார். கொள்ள வந்தவர் கொடுக்கவும் மறக்கவில்லை.

உருவ வழிபாட்டைப் பற்றி அவர் எழுதிய பகுதி நம்மைப் பெரிதும் கவர்கிறது. அவருடைய சமயம் அதை முற்றும் விலக்குவது. எனினும் அவர் முதலில் செய்வது, கற்றோர் கொள்கை வேறு, கல்லார் வழக்கம் வேறு என்று பிரித்துக் காட்டுவதே. எழுத்தறிவில்லாத முஸ்லிம் ஒருவரிடம் மெக்காவின் படத்தைக் காட்டினால் அவரும் அன்பு மிகுதியால் அதை முத்தமிடுவார் என்று தம் வாசகருக்கு நினைவூட்டுகிறார்.

பிரமகுப்தரைப் பற்றிய இடமும் அத்தகையது. கிரகணத்தின் உண்மைக் காரணத்தை நன்கறிந்த அவ்வறிஞர், இராகுவே காரணம் என்னும் கூற்றுக்கும் இடம் கொடுத்து எழுதினார். அல்பிரூனி அதைக் குறையென்றே கொள்கிறார். ஆயினும் உண்மையுரைத்த சாக்ரடீசுக்கு நேர்ந்த முடிவை எண்ணி, அத்தகைய அச்சமே பிரமகுப்தரையும் இவ்வாறு எழுதச் செய்திருக்கலாம் என்கிறார். சில நூற்றாண்டுகளுக்கு முன் மறைந்த அயல்நாட்டான் ஒருவனின் மனச்சங்கடத்தை இவ்வளவு பரிவுடன் நோக்கியவர் எத்தனை பேர்?

அவர் நம்மைப் புகழ்ந்து மட்டும் எழுதினார் என எண்ணிவிடலாகாது. தம் நாட்டைப் போன்ற நாடில்லை, தம் கல்வியைப் போன்ற கல்வியில்லை என்னும் செருக்கு இந்துக்களிடம் மிகுதி என்றும், அவர்களுடைய முன்னோர் இவ்வளவு குறுகிய நோக்குடையோர் அல்லர் என்றும் எழுதுகிறார். இதைப் படிக்கையில் நமக்குச் சுருக்கென்கிறது. ஆனால் அதே பக்கங்களிலேயே, முகமதுவின் படையெடுப்புகள் நாட்டின் வளத்தை அழித்தன, அதனாலேயே மக்கள் அயலாரை வெறுக்கின்றனர், கல்வி காசிக்கும் காசுமீரத்துக்கும் ஓடிவிட்டது என்றும் எழுதத் தயங்கவில்லை. தன் மன்னனையும் அதே தராசில் நிறுத்தியவர் அவர்.

குறையொன்று சொல்ல வேண்டுமாயின், அவர் கண்ட இந்தியா பெரிதும் வடமொழி நூல்களின் இந்தியா. தென்னாட்டிற்கு வரவில்லை. எழுத்து வகைகளை வரிசைப்படுத்துமிடத்தில் திராவிட நாட்டு எழுத்தைக் குறிப்பிடுகிறார். நம் பக்கத்தைப் பற்றி வேறு சில செவிவழிச் செய்திகளும் உண்டு, அவ்வளவே. அவர் எழுதிய அக்காலத்தில் இராசேந்திர சோழன் ஆண்டுகொண்டிருந்தான் என்பதை நினைக்கும்போது, ஒருமுறை கங்கைகொண்ட சோழபுரம் வரை வந்திருக்கலாகாதா என்று ஏங்குகிறோம்.

ஐரோப்பியர் இந்நூலை விரிவாக அறிந்தது 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேதான். ஜெர்மானிய அறிஞர் எட்வர்டு சாக்காவ் 1887-இல் அரபு மூலத்தைப் பதிப்பித்து, அடுத்த ஆண்டில் ஆங்கிலத்திலும் வெளியிட்டார்.

அல்பிரூனி 1048-ஐ ஒட்டிக் கஜினியில் காலமானார். அவருடைய இறுதி நாளைப் பற்றி ஒரு செய்தி வழங்குகிறது. மூச்சுத் திணறிக் கிடந்த அவரைக் காண வந்த சட்ட அறிஞர் ஒருவரிடம், முன்பொருநாள் பேசிய சொத்துரிமைக் கணக்கொன்றில், தாய்வழிப் பாட்டியின் பங்கைப் பற்றி அவர் விளக்கம் கேட்டாராம். இந்த நிலையிலுமா என்று வந்தவர் தயங்க, அறியாமற் போவதைவிட அறிந்து போவது நன்றல்லவா என்று வற்புறுத்தினாராம். விளக்கத்தைக் கேட்டுத் திரும்பச் சொல்லிச் சரிபார்த்தும் கொண்டார். நண்பர் விடைபெற்றுத் தெருவில் இறங்கிச் சில அடிகள் நடப்பதற்குள் வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது.