மலைச்சாலையில் ஒரு மௌன சாட்சி



விருத்தாசலம் என்ற நம் ஊர்ப் பெயருக்குப் பழைய மலை என்று பொருள். திருமுதுகுன்றம் என்றும் பழமலை என்றும் முன்னோர்கள் அழைத்தார்கள். ஆனால் ஊரைச் சுற்றி எங்கே தேடினாலும் ஏறிப் பார்க்க ஒரு மலை கிடையாது. காலையில் செராமிக் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்பவர்கள் சமதரையில்தான் சைக்கிள் மிதிக்கிறார்கள். மணிமுத்தாற்றுப் பாலத்தில் ஏறுவதே நமக்கு ஓர் ஏற்றம்தான்! தியானத்திற்கு ஏற்காடு சென்றவர்களுக்குத் தெரியும், இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் பேருந்து எப்படி முனகிக்கொண்டு ஏறுகிறது என்று. கொல்லிமலைக்கோ எழுபது வளைவுகள். இப்படிப்பட்ட சாலையில் ஒருவர் மோட்டார் இல்லாமல், தம் கால்களை மட்டும் நம்பி, சைக்கிளில் ஏறுவதைக் கற்பனை செய்து பாருங்கள்.

அப்படி மலைகளில் ஏறியே உலகப்புகழ் பெற்ற ஒரு கத்தோலிக்கப் பொதுநிலையினரைப் பற்றி இன்று சிந்திப்போம். அவர் பெயர் ஜீனோ பார்த்தாலி. இத்தாலி நாட்டவர். இத்தாலி நமக்கு அந்நியமும் அல்ல. நம் அருகில் உள்ள கோணான்குப்பத்தில் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர் அந்த மண்ணிலிருந்து வந்தவர்தானே!

ஏழை வீட்டுப் பிள்ளை

பார்த்தாலி 1914-ஆம் ஆண்டு ஜூலை 18-ஆம் நாள், பிளாரன்ஸ் நகருக்கு அருகிலுள்ள போந்தே ஆ ஏமா என்ற சிற்றூரில் பிறந்தார். வசதியில்லாத குடும்பம். சிறுவயதிலேயே சைக்கிள் பழுதுபார்க்கும் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பஞ்சர் ஒட்டி, சக்கரத்தின் கோணல் எடுத்துப் பழகிய அந்தக் கைகளுக்குச் சைக்கிளின் ஒவ்வொரு குழாயும் அத்துப்படி. இந்த அறிவு பிற்காலத்தில் எதற்குப் பயன்படப் போகிறது என்று அன்று யாருக்கும் தெரியாது.

1935-இல் தொழில்முறை வீரரானார். மறு ஆண்டே, இத்தாலி முழுவதையும் சுற்றிவரும் ஜீரோ தி இத்தாலியா பந்தயத்தில் வெற்றி பெற்றார். ஆனால் அதே 1936-இல், சைக்கிள் பந்தயத்தில் ஓடிக்கொண்டிருந்த அவருடைய தம்பி ஜூலியோ விபத்தில் சிக்கி இறந்துபோனார். சைக்கிளே இனி வேண்டாம் என்று முடிவெடுக்கும் அளவுக்குப் பார்த்தாலி நொறுங்கிப்போனார். அந்தத் துயரத்திலிருந்து அவர் மீண்டது செபத்தினால்தான். கார்மேல் மூன்றாம் சபையில் சேர்ந்தார். குழந்தை இயேசுவின் புனித தெரேசாள் மீது அவருக்குத் தனிப்பட்ட பக்தி. பந்தய நாள்களிலும் திருப்பலியை விடாத அவரைப் பக்திமான் ஜீனோ என்று செய்தித்தாள்கள் அழைத்தன. சிலர் அதைப் புகழ்ச்சியாகச் சொன்னார்கள், சிலர் கேலியாகச் சொன்னார்கள். அவர் இரண்டையும் பொருட்படுத்தவில்லை.

1937-இல் பிரான்சு நாட்டைச் சுற்றும் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் முதலிடத்தில் இருந்தபோது, மலைச்சாலையில் தவறி ஓடைக்குள் விழுந்தார். காயத்தோடு தொடர்ந்தும் பாதியில் விலக நேர்ந்தது. மறு ஆண்டு, 1938-இல், அதே பந்தயத்தை வென்றார். அப்போது இத்தாலியை ஆண்டவர் முசோலினி. வெற்றி பெறும் வீரர்கள் அதை அந்தச் சர்வாதிகாரிக்கு அர்ப்பணிக்க வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. பார்த்தாலி அதைச் செய்யவில்லை.

சைக்கிள் குழாய்க்குள் மனித உயிர்கள்

பிறகு உலகப்போர் வந்தது. 1940 நவம்பரில் பிளாரன்ஸ் பேராயர் கர்தினால் எலியா தல்லா கோஸ்தா அவருடைய திருமணத்தை ஆசீர்வதித்தார். 1943 செப்டம்பரில் ஜெர்மானிய நாசிப் படை இத்தாலியை ஆக்கிரமித்தது. யூதர்களைத் தேடித்தேடிப் பிடித்து மரண முகாம்களுக்கு அனுப்பினார்கள். அவர்களைக் காப்பாற்றக் கர்தினால், யூத குரு நேத்தன் கசூத்தோ மற்றும் பலருடன் இணைந்து மறைவாக ஓர் உதவி அமைப்பை நடத்தினார். துறவற மடங்களும் குருக்களின் இல்லங்களும் அடைக்கலமாயின. மறைந்திருப்பவர்கள் வெளியே நடமாட வேண்டுமானால் வேறு பெயரில் அடையாள அட்டை வேண்டும். அந்த அட்டைகள் அசிசி நகரில் ஓர் அச்சகத்தில் தயாராயின. புகைப்படங்களை அங்கே கொண்டு சேர்ப்பதும், தயாரான அட்டைகளைத் திரும்பக் கொண்டுவருவதும் யார்?

உயிர் தப்பியவர்களும் உதவியவர்களும் அளித்த சாட்சியங்களின்படி, கர்தினால் இந்தப் பணிக்கு அழைத்தவர்களில் ஒருவர் பார்த்தாலி. சைக்கிளின் இருக்கைக் குழாயைக் கழற்றி, காகிதங்களைச் சுருட்டி உள்ளே வைத்து, மறுபடி பூட்டிவிட்டு அவர் கிளம்புவார். பிளாரன்சிலிருந்து அசிசிக்கு ஒரு வழிக்கே ஏறத்தாழ 170 கிலோமீட்டர். வழியெல்லாம் மேடும் பள்ளமும், குன்றின் மேல் அமைந்த சிற்றூர்களும். சோதனைச் சாவடியில் நிறுத்தினால், பந்தயத்திற்குப் பயிற்சி எடுப்பதாகச் சொல்வார். அவரைத் தெரியாதவர்கள் இல்லை. படைவீரர்கள் பந்தயங்களைப் பற்றிப் பேசிவிட்டு அனுப்பிவிடுவார்கள். சைக்கிளை மட்டும் தொட வேண்டாம், எல்லாப் பாகங்களும் அளவு பார்த்துப் பொருத்தப்பட்டவை என்று கேட்டுக்கொள்வார். ஒருவர் ஸ்பானரை எடுத்து அந்தக் குழாயைக் கழற்றியிருந்தால் அன்றே அவர் கதை முடிந்திருக்கும். வீட்டில் இளம் மனைவியும் சிறு மகனும் இருந்தார்கள்.

இதோடு நிற்கவில்லை. கோல்டன்பர்க் என்ற யூதக் குடும்பத்தைத் தமக்குச் சொந்தமான ஒரு வீட்டின் நிலவறையில் மறைத்து வைத்தார். 1944-இல் பிளாரன்ஸ் விடுதலை பெறும்வரை அவர்கள் உயிரோடு இருந்தார்கள். இடையில், 1944 ஜூலையில், சித்திரவதைக்குப் பேர்போன ஒரு விசாரணை இல்லத்திற்குப் பார்த்தாலி இழுத்துச் செல்லப்பட்டார். அங்கும் அவர் வாய் திறக்கவில்லை.

பத்து ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் மலை

போர் முடிந்தபோது அவருக்கு வயது 31 நடந்துகொண்டிருந்தது. உடல் வலு நிறைந்த ஆண்டுகள் போரிலேயே கழிந்துவிட்டன. 1946-இல் ஜீரோ பந்தயத்தை மூன்றாம் முறையாக வென்றாலும், பவுஸ்தோ கோப்பி என்ற இளைய வீரர் அவரை மிஞ்சிக்கொண்டிருந்தார். 1948-இல் பார்த்தாலி மீண்டும் தூர் தெ பிரான்சுக்குச் சென்றபோது, கிழவர் எதற்கு வந்தார் என்று கேட்டவர்கள் உண்டு. ஜூலை நடுவில் அவர் முதலிடத்தில் இருந்த லூயிசோன் போபேயைவிட 21 நிமிடங்களுக்கும் மேல் பின்தங்கியிருந்தார்.

ஜூலை 14 அன்று ரோமில் பொதுவுடைமைக் கட்சித் தலைவர் தொலியாத்தி சுடப்பட்டார். நாடெங்கும் வேலைநிறுத்தம், கலவரம். அன்று பார்த்தாலிக்கு ஓய்வுநாள். பிரதமர் தெ காஸ்பரி தொலைபேசியில் அழைத்து, வெற்றி பெற முடியுமா என்று கேட்டார். மறுநாள் ஆல்ப்ஸ் மலையில் அல்லோஸ், வார், இசுவார் என்று மூன்று கணவாய்கள். இசுவாரின் உயரம் 2,360 மீட்டர். நம் ஊட்டி நகரைவிட உயரம். அந்நாளில் கியர் மாற்றுவதற்கே கையைப் பின்னால் நீட்டி நெம்புகோலைத் தளர்த்த வேண்டும். குளிரிலும் மழையிலும் சேற்றிலும் அவர் தனியாக ஏறினார். ஒரே நாளில், பின்தங்கிய நேரம் ஏறக்குறைய முழுவதையும் மீட்டார். அடுத்த நாளும் வென்று மஞ்சள் சட்டையை அணிந்தார். அந்தப் பந்தயத்தில் அவர் வென்ற கட்டங்கள் ஏழு. இரண்டாம் இடம் பெற்றவரைவிட 26 நிமிடங்கள் முன்னதாக முடித்தார். முதல் வெற்றிக்கும் இரண்டாவது வெற்றிக்கும் இடையே பத்து ஆண்டுகள். இன்றுவரை வேறு எவருக்கும் இப்படி வாய்க்கவில்லை.

இந்த வெற்றிதான் இத்தாலியை உள்நாட்டுப் போரிலிருந்து காப்பாற்றியது என்று பலர் எழுதினார்கள். அது மிகை. சுடப்பட்ட தலைவரே தம் தோழர்களை அமைதி காக்கச் சொன்னார் என்பதும் உண்மை. ஆனால் சண்டைக்கு நின்றவர்கள் ஒரே வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்று ஒன்றாக மகிழ்ந்தார்கள் என்பதே பெரிய செய்தி அல்லவா?

1954-இல் போட்டிகளிலிருந்து ஓய்வு பெற்றார். வட இத்தாலியில் கிசால்லோ என்ற ஏற்றத்தின் உச்சியில் ஒரு சிறிய மாதா ஆலயம் உள்ளது. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1949-இல் அந்த அன்னையைச் சைக்கிள் வீரர்களின் பாதுகாவலியாக அறிவித்தார். ஆலயத்தின் சுவரில் பெரும் வீரர்களின் சைக்கிள்கள் தொங்குகின்றன. பார்த்தாலியின் சைக்கிளும் அவற்றில் உண்டு. 2000-ஆம் ஆண்டு மே 5 அன்று, தமது 85-ஆம் வயதில், அவர் இறைவனில் துயில் கொண்டார்.

சொல்லாமல் வைத்தது

போர்க்காலத்தில் செய்ததை அவர் மேடையில் பேசவில்லை, விளம்பரமாக்கவும் இல்லை. மகனிடம் சிறிது சொன்னபோதும், வெளியே சொல்ல வேண்டாம் என்றார். நன்மை என்பது செய்வதற்கே அன்றிச் சொல்லிக்கொள்வதற்கு அல்ல என்பது அவர் எண்ணம். சில பதக்கங்களைச் சட்டையில் குத்துவதில்லை, ஆன்மாவில் தாங்க வேண்டும் என்றும் கருதினார். அவர் இறந்து 13 ஆண்டுகள் கழித்து, 2013-இல், எருசலேமில் உள்ள யாத் வாஷெம் நிறுவனம் அவரை நீதிமான்களின் வரிசையில் சேர்த்தது. கர்தினால் தல்லா கோஸ்தாவுக்கு 2012-இலேயே அந்த மதிப்பு கிடைத்திருந்தது. அந்தப் பயணங்களுக்கு எழுத்துச் சான்று போதாது என்று கேள்வி எழுப்பும் வரலாற்று அறிஞர்களும் உண்டு. நாமும் அவர் எத்தனை பேரைக் காப்பாற்றினார் என்று எண்ணிக்கை சொல்லப் போவதில்லை. அவரே கணக்கு வைக்கவில்லையே!

அன்பிற்குரியவர்களே, இந்த வாழ்க்கையை வாசிக்கும்போது என் மனம் என்னைக் குத்துகிறது. பல ஆண்டுகளுக்கு முன் நான் பணியாற்றிய ஒரு பங்கில் சமூகக்கூடம் கட்டினோம். அடித்தளம் தோண்டிய சமயம் பெருமழை. குழி முழுவதும் தண்ணீர். மறுநாள் காலை நான் சென்று பார்த்தபோது தண்ணீர் இறைக்கப்பட்டு, சரிந்த மண்ணும் அள்ளப்பட்டிருந்தது. இரவு வேலை முடித்துத் திரும்பிய தொழிலாளர்கள் சிலர் செய்தார்கள் என்று மட்டும் தெரிந்தது. யார் என்று கேட்டும் யாரும் முன்வரவில்லை. கூடம் எழுந்தது, கல்வெட்டு வந்தது. அதில் என் பெயர் கீழே, சிறிய எழுத்தில் இருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுபடி வெட்டச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். அந்தத் தொழிலாளர்களின் பெயர் கல்லில் எங்குமே இல்லை என்பது அப்போது என் நினைவுக்கு வரவில்லை.

தர்மம் செய்யும்போது மனிதர் பார்க்க வேண்டுமென்று செய்யாதீர்கள் என்ற கருத்தை மலைப்பொழிவில் ஆண்டவர் கற்பித்ததைப் பீடத்தில் நின்று பலமுறை விளக்கியவன்தான் நான்!

நம் ஊரில் பீங்கான் பொம்மை செய்பவர்களுக்குத் தெரியும்: அச்சில் ஊற்றிய களிமண் கூழை மீண்டும் வடித்துவிடுவதால் பொம்மையின் உள்ளே ஒன்றும் இராது. வெளியே மினுமினுப்பு, உள்ளே வெற்றிடம். பார்த்தாலியின் சைக்கிளும் உள்ளே வெற்றிடமான குழாய்கள்தான். ஆனால் அந்த வெற்றிடத்தில் அவர் பிறர் உயிரைச் சுமந்தார். நம் வாழ்வின் உள்ளே இருப்பது என்ன?

இந்த வாரம் நம்மையே கேட்டுப் பார்ப்போம். நான் செய்த உதவியை எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன்? என் திறமையும் என் நற்பெயரும் ஆபத்தில் இருக்கும் ஒருவருக்குக் கேடயமாக இருந்ததுண்டா? வேறு மதத்தவர், வேறு சாதியினர் என்று பாராமல் ஒருவருக்காக நான் துணிந்தேனா?

யாருக்கும் தெரியாமல் ஒரு நன்மை செய்து, அதைச் சொல்லாமலே இருக்கும் வரத்திற்காகப் பெரியநாயகி அன்னையின் வழியாகச் செபிப்போம். சமதரையில் வாழும் நமக்கும் ஏறுவதற்கு ஒரு மலை இருக்கிறது. இறையாசீர் உங்கள் அனைவரோடும் இருப்பதாக!