தடைக்கு அஞ்சாத டைரக்டர்

சிவகாசி, விஸ்வநத்தம் வட்டாரத்து அச்சகங்களிலிருந்து எத்தனையோ சினிமாச் சுவரொட்டிகள் தமிழகமெங்கும் போயிருக்கின்றன. அவற்றிலே நட்சத்திரங்களின் முகம் பெரிதாக இருக்கும். டைரக்டரின் பெயர் ஒரு மூலையில் இருக்கும். ஆனால், ஒரு டைரக்டரின் துணிச்சலே ஊர்ப் பேச்சாக இருந்த காலமும் உண்டு. அவர்தாம் கே. சுப்ரமண்யம்.

1904-ம் ஆண்டு தஞ்சை ஜில்லா பாபநாசத்தில் பிறந்தவர். கும்பகோணத்தில் வக்கீல் தொழில் பார்த்தவர். சினிமா மோகம் அவரைச் சென்னைக்கு இழுத்தது. மௌனப் படங்களில் ராஜா சாண்டோவிடம் தொழில் கற்றார். 1934-ல் "பவளக்கொடி"யை டைரக்ட் செய்தார். தியாகராஜ பாகவதருக்கும் எஸ்.டி. சுப்புலட்சுமிக்கும் அதுவே முதல் படம். படம் அமோக வெற்றி!

புராணக் கதைகளையே எடுத்துப் பொருள் சேர்த்திருக்கலாம். அவர் மனம் அதில் நிற்கவில்லை. 1937-ல் "பாலயோகினி" வந்தது. ஆதரவற்ற விதவைக்குத் தாழ்த்தப்பட்ட குடும்பம் அடைக்கலம் தரும் கதை. உண்மையிலேயே கணவனை இழந்த ஒரு பிராமணப் பெண்மணியை அதில் நடிக்க வைத்தார். வைதிகர்கள் கொதித்தார்கள், அவரைச் சாதியை விட்டே விலக்கினார்கள். படத்தில் நடித்த பேபி சரோஜாவின் பெயரையோ, வீட்டுக்கு வீடு பெண் குழந்தைகளுக்குச் சூட்டினார்கள்!

சுப்ரமண்யம் பின்வாங்கினாரா? இல்லை. 1938-ல் கிழவருக்கு வாழ்க்கைப்பட்ட இளம் பெண்ணின் துயரத்தைச் சொல்லும் "சேவாசதன"த்தை எடுத்தார். எம்.எஸ். சுப்புலட்சுமி திரைக்கு வந்தது அதில்தான்.

மறு ஆண்டு "தியாகபூமி". கல்கி எழுதிய கதை. புயலில் தவித்த ஹரிஜனங்களுக்கு இடம் கொடுத்த சம்பு சாஸ்திரி, அதற்காக ஊராரால் ஒதுக்கி வைக்கப்படுகிறார். டைரக்டரின் சொந்த அநுபவமும் அதுதானே! தேச விடுதலை முழக்கமும் படத்தில் சேர்ந்திருந்தது. ராஜாஜி மந்திரிசபை விலகிய பின், 1940-ல் பிரிட்டிஷ் சர்க்கார் படத்தைத் தடை செய்தது.

அவருடைய கம்பெனியின் ஸ்டூடியோவும் தீக்கிரையாகி ஏலத்துக்குப் போயிற்று. அதை வாங்கிய எஸ்.எஸ். வாசன் ஜெமினி ஸ்டூடியோவாக்கினார். சொத்து கைமாறியது; சுப்ரமண்யத்தின் ஊக்கம் குறையவில்லை. தொடர்ந்து படமெடுத்தார், தென்னிந்திய பிலிம் வர்த்தக சபையை வளர்க்கப் பாடுபட்டார், நிருத்தியோதயா நாட்டியப் பள்ளியைத் தொடங்கினார்.

1971-ல் அவர் மறைந்தார். சாதியை விட்டு விலக்கியவர்களின் பெயர் யாருக்கும் நினைவில்லை. தடை போட்ட சர்க்காரும் போய்விட்டது. "தியாகபூமி"யின் பிரதியோ புனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகத்தில் பத்திரமாக இருக்கிறது.