கொடைவள்ளல் சீதக்காதி

வாயிலில் வந்து நின்றார்க்கு ஒரு பிடி அரிசியும் ஈயாத செல்வனைச் சுட்டி, இவர் பெரிய சீதக்காதி என்று ஒருவர் சொல்வாராயின், கேட்போர் நகைப்பர். சொல் புகழ்ச்சி; பொருளோ இகழ்ச்சி. புகழ்வது போலப் பழித்தலைத் தண்டியலங்காரம் இலேச அணியின்பாற் படுத்தும். வஞ்சப்புகழ்ச்சி என்பது பலரும் அறிந்த பெயர். சீதக்காதி யாவர் என்று அறியாதார்க்கு அச்சொல் வெறும் புகழ்ச்சியாகவே நின்றுவிடும்.

இராமநாதபுரத்திற்குத் தெற்கே கடலோரத்தில் உள்ள ஊர் கீழக்கரை. 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஆங்கு மரக்கலம் செலுத்தி வாணிகம் புரிந்த மரைக்காயர் மரபில் விளங்கியவர் ஷெய்கு அப்துல் காதிர். அப்பெயரே மக்கள் நாவில் சீதக்காதி எனத் திரிந்தது. சேதுநாட்டை ஆண்ட கிழவன் சேதுபதியின் நன்மதிப்பைப் பெற்றவர் அவர். கடல் தந்த பொருளைப் புலவர்க்கும் வறியவர்க்கும் வாரி வழங்கினார். நெல்லும் பொன்னும் நிகராக விற்ற பஞ்சகாலத்தில் அவர் சோறளித்த செய்தி தனிப்பாடலிலும் இடம்பெற்றுள்ளது.

நபிகள் நாயகத்தின் வரலாற்றைத் தமிழில் காப்பியமாகப் பாடுமாறு உமறுப்புலவரைத் தூண்டியவர் இவ்வள்ளலே என்பர். நூல் முற்றுப்பெறுமுன் அவர் மறைந்தார். பின்னர்ப் பரங்கிப்பேட்டை அபுல்காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். ஐயாயிரத்திற்கும் மேற்பட்ட பாடல்களைக் கொண்ட சீறாப்புராணத்துள் அபுல்காசிமின் பெயர் இடந்தோறும் போற்றப்படுகின்றது. தொடங்கி வைத்த சீதக்காதியின் பெயரை அதனுள் காண்டல் இயலாது! வஞ்சப்புகழ்ச்சியிற் சொல்லும் பொருளும் மாறுபடும். இங்கே செயலும் பயனும் மாறுபட்டன.

ஆயினும் அவர் பெயரை ஏடு காக்கவில்லை எனினும் நாடு காத்தது. வறுமையால் வாடிய புலவர் ஒருவர் பரிசில் வேண்டிக் கீழக்கரைக்கு வந்தார். வள்ளல் இறந்து அடக்கமான செய்தி கேட்டு, அடக்கவிடத்தில் வீழ்ந்து புலம்பினார். அப்போது மண் பிளந்து, மோதிரம் அணிந்த கை ஒன்று வெளியே நீண்டது என்பது வழிவழி வழங்கும் கதை. புலவர் அம்மோதிரத்தைப் பெற்றுச் சென்றாராம். இவ்வற்புதத்தை ஏற்பாரும் உளர், மறுப்பாரும் உளர். உயிரோடிருந்தபோது கேட்டவர்க்கு இல்லையென்னாத ஒருவரைப் பற்றியன்றி இத்தகைய கதை பிறந்திராது. இறந்தவர் கொடுத்தார் என்னும் முரணே பழமொழியாயிற்று.

கொடுத்தவர் என்பதில் ஓரெழுத்தை மாற்றிச் செத்தும் கெடுத்தவர் என, கடனை மக்கள் தலையில் வைத்து மாண்டாரைக் குறிப்பதும் உலக வழக்கில் உண்டு.